ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு ராக்கெட் விடப் போகிறீர்களா?



நீண்ட பதிவு. பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பவர்கள் வீட்டுக்குப் போய்ப் படியுங்கள். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். யார் மேலும் தனிப்பட்ட கோபம் இல்லை, ஒரு கருத்தின் மேல்தான்.

சென்ற வாரம் நம் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் இரண்டு செய்திகள் வந்தன. காலையில் வந்தது, 2025 ஏப்ரல் 25 அன்று ஹைதராபாத்தில் டி.ஆர்.டி.ஓ. ஆய்வுக்கூடம் ஸ்க்ராம்ஜெட் எரியறை ஒன்றை 1000 விநாடிகளுக்கு மேல் தொடர்ந்து எரியவிட்டுச் சோதித்த செய்தி. பழையதுதான், யாரோ மறுபடி போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகத் தேசியக் கொடிகள், கைதட்டல்கள். எனக்கும் பெருமைதான்.

மாலையில் பள்ளிக்காக நாம் திரட்டும் நிதியைப் பற்றிய பேச்சு. ஒரு மாணவர் எழுதியிருந்தார்: "பிசிக்ஸ் லேப் சும்மாதான பூட்டிக் கிடக்கு. ஏசி போட்டு ஸ்மார்ட் கிளாஸ் ஆக்கிடலாம். பிராக்டிகல் எல்லாம் இப்ப சிமுலேஷன்லயே பண்ணிக்கலாம். ராக்கெட்டே கம்ப்யூட்டர்லதான் டிசைன் பண்றாங்க." அதற்கும் கைதட்டல்கள். பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். காலையில் கொடி போட்டவர்களில் பாதிப் பேர் மாலையில் லேபை மூடவும் கை தூக்கியிருக்கிறார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. ராக்கெட்டே கம்ப்யூட்டரில்தான் தயாராகிறது என்றால், ஹைதராபாத்தில் அந்த எரியறையைத் தரையில் கட்டிவைத்து 1000 விநாடி எதற்காக எரித்தார்கள்? அவர்களிடம் கம்ப்யூட்டர் இல்லையா? நம் பள்ளி ஸ்மார்ட் போர்டைவிடக் கொஞ்சம் பெரிய கம்ப்யூட்டராவது இருக்கும் அல்லவா?

இனி கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், வாத்தியார் புத்தி.

ஒலியின் வேகம் சாதாரணக் காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். ஒரு பொருள் காற்றில் போகும்போது, முன்னால் இருக்கும் காற்றுக்கு "நான் வருகிறேன், விலகு" என்ற தகவல் ஒலியின் வேகத்தில்தான் போய்ச் சேரும். பொருளே ஒலியை முந்திக்கொண்டு வந்தால் காற்றுக்கு விலக நேரம் கிடைக்காது. திடீரென்று அழுந்தும். அழுத்தமும் வெப்பமும் அடர்த்தியும் ஒரே தாவாகத் தாவுகிற அந்த மெல்லிய திரைதான் அதிர்ச்சி அலை. அதன் தடிமன் சாதாரணக் காற்றில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. உங்கள் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

இது யாரோ உட்கார்ந்து கற்பனை செய்தது அல்ல. கண்ணுக்குத் தெரியாத இந்தத் திரையை முதலில் படம் பிடித்தார்கள். 1860-களில் ஜெர்மனியில் ஆகஸ்ட் டோப்ளர், காற்றின் அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி வளைவதை வைத்து அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கும் வழியை உருவாக்கினார். அதைக் கொண்டுதான் 1886-இல் பீட்டர் சால்ஹர், எர்ன்ஸ்ட் மாக் வகுத்துக்கொடுத்த முறையில், பறந்துகொண்டிருக்கும் துப்பாக்கிக் குண்டுக்கு முன்னால் நிற்கும் அதிர்ச்சி அலையைப் படமாக எடுத்தார். இன்று நீங்கள் 'மாக் 6' என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அந்த மாக் இவர்தான். ஒலியைப்போல 6 மடங்கு வேகம் என்று பொருள்.

மாக் 5-ஐத் தாண்டினால் ஹைப்பர்சோனிக் என்பார்கள். வேகம் கூடக் கூட அதிர்ச்சி அலைக்குப் பின்னால் காற்று காய்ந்துகொண்டே போகும். 2000 டிகிரியைத் தாண்டும்போது ஆக்சிஜன் மூலக்கூறு உடையத் தொடங்கும். 4000-ஐத் தாண்டினால் நைட்ரஜனும் உடையும். சந்திரனிலிருந்து திரும்பிய அப்பல்லோ கலங்கள் விநாடிக்கு 11 கி.மீ. வேகத்தில் காற்றுக்குள் நுழைந்தபோது, கலத்துக்கு முன்னால் இருந்த வாயு சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடாக இருந்தது. காற்றுக்கு காமா மதிப்பு 1.4 என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேனே, அந்த 1.4 அங்கே செல்லாது. அங்கே இருப்பது நாம் சுவாசிக்கும் காற்றே அல்ல. உடைந்தும் சேர்ந்தும் ஒளிர்ந்தும் கொண்டிருக்கிற ஒரு வேதிக் கலவை.

அப்படியானால் கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? இந்த வெப்பநிலையில் ஆக்சிஜன் எவ்வளவு வேகத்தில் உடையும், நைட்ரஜனோடு சேர்ந்து எவ்வளவு நேரத்தில் வேறு பொருளாகும் என்ற எண்களை யார் அதற்குச் சொல்லிக்கொடுத்தது?

ஷாக் டியூப் சொல்லிக்கொடுத்தது. 1899-இல் பிரான்சில் பால் வியே என்பவர் முதலில் செய்த கருவி. நீளமான ஒரு குழாய், நடுவே ஒரு மெல்லிய தடுப்பு. ஒரு பக்கம் உயர் அழுத்த வாயு, மறுபக்கம் குறைந்த அழுத்த வாயு. தடுப்பு கிழிந்ததும் அதிர்ச்சி அலை குழாய்க்குள் பாய்ந்து, போகிற வழியில் இருக்கும் வாயுவை நொடிப்பொழுதில் சூடாக்கும். அடுப்பு வேண்டாம், கொதிகலன் வேண்டாம். பிற்காலத்தில் இந்தக் குழாயைக் கொண்டுதான் உயர் வெப்பக் காற்றின் வேதிவினை வேகங்களை ஒவ்வொன்றாக அளந்தார்கள். அந்த அளவுகள்தான் இன்று உங்கள் சிமுலேஷனுக்குள் எண்களாக உட்கார்ந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் சொல்லும் விடையின் அடியைத் தோண்டிக்கொண்டே போனால், ஒரு குழாயும் அதன் பக்கத்தில் நின்று அளவெடுத்த ஒரு மனிதரும் அகப்படுவார்கள்.

"பெரிய விண்ட் டனல் கட்டி ஆற அமரச் சோதிக்கலாமே, எதற்கு இந்தக் குழாய்?" என்று நல்ல மாணவன் ஒருவன் கேட்பான். கணக்குப் போடுவோம். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. விநாடிக்கு 6 கி.மீ. வேகத்தில் பாயும் ஒரு கிலோ காற்றில் 18 மெகாஜூல் இருக்கிறது. மாதிரியின் மேல் விநாடிக்கு 10 கிலோ காற்று பாயவேண்டும் என்றால் 180 மெகாவாட் வேண்டும். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட்டின் திறன் 210 மெகாவாட். ஒரு சோதனைக்காகக் கிட்டத்தட்ட ஒரு யூனிட்டையே எழுதிவைக்க வேண்டும்.

அதனால் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். ஆற்றலைப் பொறுமையாகச் சேர்த்துவைத்து ஒரே அடியில் அவிழ்த்துவிடுவது. ஆஸ்திரேலியாவில் ரே ஸ்டாக்கர் கனமான பிஸ்டன் ஒன்றைக் குழாய்க்குள் ஓடவிட்டு வாயுவை அழுத்தித் தடுப்பை உடைக்கும் முறையைக் கொண்டுவந்தார். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் அவர் அமைத்த டி4 என்ற கருவி 1987-இல் ஓடத் தொடங்கியது. இப்படிப்பட்ட ஷாக் டனலில் பயனுள்ள சோதனை நேரம் சில மில்லி விநாடிகள்தான். நீங்கள் ஒருமுறை கண் இமைக்க நூறு மில்லி விநாடிக்கு மேல் ஆகும். இமைக்கும் நேரத்தின் ஒரு துளியில் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, படமும் எடுத்துவிட வேண்டும். அதற்காகப் பீங்கான் போன்ற பொருளின் மேல் பிளாட்டினத்தை மெல்லிய படலமாகப் பூசி வெப்ப உணரி செய்கிறார்கள். சூடானால் அதன் மின்தடை மாறும். மின்தடையும் வெப்பமும் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தீர்களே, அதே விதி.

அந்த டி4-இல் சோதித்துச் சோதித்துக் கற்றவர்கள் 2001 அக்டோபரில் ஹைஷாட் என்ற ஸ்க்ராம்ஜெட்டை ராக்கெட்டில் வைத்து ஏவினார்கள். ஏவுதல் தோல்வி. 2002 ஜூலை 30-இல் மறுபடி ஏவினார்கள், வெற்றி. வானத்தில் கிடைத்த அளவையும் தரையில் கிடைத்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அறிவியல் நடக்கிற முறை இதுதான்.

ஸ்க்ராம்ஜெட் எதற்கு இவ்வளவு கஷ்டம் கொடுக்கிறது என்றால், உள்ளே வரும் காற்று எரியறைக்குள்ளும் ஒலியைவிட வேகமாகவே ஓடுகிறது. எரிபொருள் அதோடு கலந்து, பற்றி, எரிந்து முடிக்கக் கிடைப்பது ஒரு மில்லி விநாடி வாக்கில். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இவர்கள் அந்த ஆடிக்காற்றைப் போலப் பல மடங்கு காற்றில் அகல் விளக்கை ஏற்றி அணையாமல் காக்கிறார்கள். இஸ்ரோ 2016 ஆகஸ்ட் 28-இல் விநாடிக்கணக்கில் காத்தது. டி.ஆர்.டி.ஓ. 2020 செப்டம்பர் 7-இல் 20 விநாடிக்கு மேல் காத்தது. 2025 ஜனவரியில் தரையில் 120 விநாடி, ஏப்ரலில் 1000-க்கு மேல். ஒவ்வொரு படியும் சோதனை. ஒரு படியைக்கூட அவர்கள் "சிமுலேஷனில் பார்த்துவிட்டோம், போதும்" என்று தாண்டவில்லை.

தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலிருந்து மூன்று உதாரணம்.

ஒன்று. 1967 அக்டோபர் 3. அமெரிக்காவின் எக்ஸ்-15 விமானத்தில் பீட் நைட் மாக் 6.7 வேகம் போனார். விமானத்தின் அடியில் ஒரு போலி எஞ்சினை மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து கிளம்பிய அதிர்ச்சி அலை, அதைத் தாங்கிய தண்டின் மேல் போய் மோதியது. இரண்டு அலைகள் மோதும் இடத்தில் வெப்பம் குவிந்து தண்டு ஓட்டை விழுந்து எரிந்தது, போலி எஞ்சின் கழன்று விழுந்தது. நைட் உயிரோடு இறங்கினார். அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை. அடுத்த ஆண்டு சுவீடனில் பாரி எட்னி என்பவர் அதிர்ச்சி அலைகள் மோதிக்கொள்ளும் விதங்களைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்து ஆறு வகையாகப் பிரித்துக்காட்டினார். இன்றும் அந்த ஆறு வகைதான் பாடம்.

இரண்டு. 1981 ஏப்ரல். கொலம்பியா விண்வெளி ஓடத்தின் முதல் பயணம். திரும்பி வரும்போது மூக்கு எதிர்பார்த்ததைவிட மேலே தூக்கியது. சமன்செய்ய, பின்பக்க மடலைக் கணித்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இறக்கவேண்டியிருந்தது. மடலுக்கு இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்ததால் தப்பித்தார்கள். காரணம், சூடான காற்றின் குணம் மாறுவது. "அதற்கு முன்பு விண்ட் டனலில் சோதித்திருந்தார்களே சார்?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அந்த விண்ட் டனல்களில் காற்று அந்த அளவுக்குச் சூடாகவில்லை. சோதனை போதவில்லை என்றால் அதற்கு மருந்து இன்னும் நல்ல சோதனை. சோதனையே வேண்டாம் என்பது அல்ல. பின்னாளில் கம்ப்யூட்டர் கணக்குதான் இந்தப் புதிரைத் தெளிவாக விளக்கியது. ஆனால் புதிர் இருக்கிறது என்று முதலில் சொன்னது கம்ப்யூட்டர் அல்ல, பறந்த கலம்.

மூன்று. அதே கொலம்பியா, 2003. இதை எழுதக் கை கூசுகிறது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர். ஏவும்போது தொட்டியிலிருந்து ஒரு நுரைத்துண்டு பிய்ந்து இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் வீடியோவில் அதைப் பார்த்துவிட்டார்கள். கணக்குப் போட்டார்கள். அவர்கள் கையில் இருந்த கணிப்புக் கருவி மிகச் சிறிய துண்டுகளை மோதவிட்டுப் பார்த்த சோதனைகளை வைத்துச் சரிபார்க்கப்பட்டது. மோதிய துண்டோ அவற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. ஆபத்து இல்லை என்று முடிவு செய்தார்கள். பிப்ரவரி 1 அன்று இறக்கையின் ஓட்டை வழியே ஹைப்பர்சோனிக் ஓட்டத்தின் கொதிக்கும் வாயு உள்ளே புகுந்தது. அதே ஆண்டு ஜூலையில் டெக்சாசில் ஏறக்குறைய 750 கிராம் நுரைத்துண்டை மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் உண்மையான இறக்கைப் பலகையின் மேல் சுட்டுப் பார்த்தார்கள். 40 செ.மீ. அகலத்தில் ஓட்டை விழுந்தது. அதுவரை நுரை எப்படிப் பலகையை உடைக்கும் என்று வாதாடியவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

சோதித்த எல்லைக்கு வெளியே கணக்கை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஏழு உயிர் சாட்சி. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் என் மாணவர்கள் வருத்தப்பட வேண்டாம். உங்கள் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஷாக் டனலின் சில மில்லி விநாடியில் அளக்க முடியாததைக் கணக்குதான் காட்டுகிறது. ஆயிரம் வடிவங்களைக் கணக்கில் கழித்துவிட்டுப் பத்தை மட்டும் சோதனைக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய சிக்கனம்! ஆனால் உங்களில் நேர்மையானவர்களுக்குத் தெரியும்: ஹைப்பர்சோனிக் ஓட்டத்தில், சீரான காற்று எந்த இடத்தில் கொந்தளிப்பாக மாறும் என்பதை இன்றும் கணக்கால் நம்பகமாகச் சொல்ல முடிவதில்லை. மாறிவிட்டால் கலத்தின் மேல் ஏறும் வெப்பம் சில மடங்காகும். அங்கே அளந்தால்தான் உண்டு.

இப்போது உறவினர்கள் பக்கம் திரும்புகிறேன். மாப்பிள்ளைகளே, மைத்துனர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் குடும்பக் குழுவில் மாதம் ஒருமுறை வரும் செய்தி: "நம் முன்னோர்கள் வைமானிக சாஸ்திரத்தில் எல்லாம் எழுதிவைத்துவிட்டார்கள்." 1974-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து அறிஞர்கள் அந்த நூலை எடுத்து, அதில் சொன்ன விமானங்களின் அளவு, எடை, வடிவம் எல்லாவற்றையும் விமானவியல்படி ஆராய்ந்தார்கள். எதுவும் பறக்காது, நூலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது என்று கண்டார்கள். கேலி செய்யவில்லை, வரிவரியாகப் படித்து எண் போட்டுச் சரிபார்த்தார்கள். ஒரு கூட்டம் எல்லாம் பழைய ஏட்டில் இருக்கிறது என்கிறது, இன்னொரு கூட்டம் எல்லாம் புதிய திரையில் இருக்கிறது என்கிறது. இரண்டு கூட்டத்துக்கும் கையில் கிரீஸ் படாமல் பெருமை மட்டும் வேண்டும்.

"சோதனைக்குப் பணம் ஆகுமே" என்பது அடுத்த வாதம். அதே அறிவியல் கழகத்தில் 1970-களிலிருந்தே ஷாக் டனல் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே பேராசிரியர் கே.பி.ஜே. ரெட்டி, மேசைமேல் வைத்துக் கையால் பிஸ்டனைத் தள்ளி இயக்கும் ஒரு சின்ன ஷாக் டியூபை உருவாக்கினார். ரெட்டி டியூப் என்றே அதற்குப் பெயர். கையால் தள்ளியே மாக் 1.5-ஐத் தாண்டும் அதிர்ச்சி அலை! பணம் இல்லாத இடத்தில் இப்படி ஒரு யோசனை வர, சிறுவயதில் ஒரு சைக்கிள் பம்பையாவது அழுத்தி, அதன் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

"எல்லாம் ஏவுகணைக்குத்தானே" என்று கேட்பவர்களும் உண்டு. பணம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் சொந்தத்திலேயே எத்தனை பேர் சிறுநீரகக் கல்லை அறுவை இல்லாமல் உடைத்துக்கொண்டு வந்தீர்கள்? வெளியிலிருந்து செலுத்தி அந்தக் கல்லை உடைத்ததும் அதிர்ச்சி அலைதான். 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் முதல் நோயாளிக்கு அதைச் செய்தார்கள். அந்தக் கருவியைச் செய்த டோர்னியர் ஒரு விமான நிறுவனம். வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தவர்கள்.

இனி நம் பள்ளி லேபுக்கு வருகிறேன். நான் இவ்வளவு எழுதியதும் அதற்காகத்தான்.

அந்தப் பூட்டிய அறையில் ஒத்ததிர்வுத் தம்பக் கருவி நான்கு இருக்கிறது. ஒரு குழாய், தண்ணீர், இசைக்கவை, அளவுகோல், அவ்வளவுதான். அதில் ஒலியின் வேகத்தை அளக்கலாம். மாக் எண் என்றால் பொருளின் வேகத்தை ஒலியின் வேகத்தால் வகுப்பது. ஹைதராபாத்தில் சொல்லும் 'மாக் 6'-க்கு அடியில் இருக்கிற அந்த எண்ணை, நம் ஊர்ப் பிள்ளை தன் காதால் கேட்டுத் தன் கையால் அளந்துவிடலாம். புத்தகத்தில் 0 டிகிரிக்கு 331 என்று இருக்கும். நம் ஊரில் 35 டிகிரி வெயிலில் 350-ஐத் தாண்டி வரும். "சார், தப்பா வருது" என்று பிள்ளை ஓடிவருவான். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. ஏன் கூடியது? வெப்பமா? குழாயின் வாய்த் திருத்தமா? நான் அளந்ததில் பிழையா? சிமுலேஷனில் இந்தக் கேள்வி வராது, ஏனென்றால் யாரோ உள்ளே வைத்த விடைதான் திரும்பி வரும். விடையை முன்னால் வைத்துக்கொண்டு ரீடிங் எழுதும் பழக்கம் நம் செய்முறை நோட்டுகளில் ஏற்கெனவே இருக்கும் நோய். அதற்கு ஏசி போட்ட அறை கட்டித்தர வேண்டாம்.

என் கோரிக்கை மூன்றுதான். முதலாவது, லேபை இடிக்கும் தீர்மானத்தை நிறுத்திவையுங்கள். ஸ்மார்ட் போர்டு வேண்டுமானால் வேறு வகுப்பறையில் மாட்டுங்கள், நானும் ஆயிரம் ரூபாய் தருகிறேன். இரண்டாவது, நிதியில் ஒரு பங்கை உடைந்த கருவிகளைப் பழுதுபார்க்கவும், ஒரு லேப் உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்கவும் ஒதுக்குங்கள். மூன்றாவது, சாவியை என்னிடம் கொடுங்கள். சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், பதினோரு மணிக்கு ஒரு டீ போதும். இயந்திரவியல் படித்தவர்கள், தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்கள், ஊருக்கு வரும் வாரத்தில் ஒரு மணி நேரம் வந்து பிள்ளைகளோடு நில்லுங்கள்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் இதை ஓட்டுக்கு விடப்போவதாகச் சொன்னார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் குழுவிலேயே ஓட்டைப் பதிவு செய்யலாம். எதிர்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் காரணத்தையும் எழுதுங்கள், ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன். திட்டுவதானாலும் திட்டுங்கள், ஆனால் எழுத்துப்பிழை இல்லாமல் திட்டுங்கள்.

அனைவரும் நலமாக இருங்கள்.
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்.